டாலரில் சம்பளம், டாலரில் செலவு: வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவில் மணிக்கூலிக்கு உழைப்பவர்களும், அவர்களை அனுப்பிவிட்டு இங்கே காத்திருப்பவர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். கேட்டவர்களின் பெயர்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறோம்.

என் தங்கை மகனுக்குக் குடும்ப வழியில் கிரீன் கார்டு வந்துவிட்டது. டெக்சாஸில் ஒரு கேஸ் ஸ்டேஷன் (பெட்ரோல் பங்க்) கடையில் மணிக்கு 10 டாலர் தருகிறார்களாம். ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. மாதம் பாதிச் சம்பளமாவது மிச்சம் பிடிக்கலாம் அல்லவா?
வாசகி, திருநெல்வேலி

ரூபாயில் பெருக்குவதை முதலில் நிறுத்துங்கள், அம்மா. அவர் சாப்பிடுவதும் தங்குவதும் டாலரில்தான்.

மணிக்கு 10 டாலர், வாரம் 40 மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 20,800 டாலர், மாதத்துக்கு 1,733. சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத்துக்கும் மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கும் சேர்த்து 7.65 சதவீதம், அதாவது 133 டாலர், கைக்கு வருமுன்பே போய்விடும். 2025 கணக்கில் தனி ஆளுக்கு முதல் 15,750 டாலருக்கு மத்திய வருமான வரி இல்லை. மீதி 5,050-க்கு 10 சதவீதம், மாதத்துக்கு 42 டாலர். டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. கையில் நிற்பது ஏறக்குறைய 1,558.

இனி வாடகை. அபார்ட்மென்ட் கொடுப்பவர்கள் பெரும்பாலும் வாடகையைப்போல் மூன்று மடங்கு மாத வருமானம் காட்டச் சொல்வார்கள். 1,733-இல் மூன்றில் ஒரு பங்கு 578 டாலர். ஹூஸ்டனிலோ டாலஸிலோ அந்தத் தொகைக்குத் தனி வீடு கிடைக்காது. பிறர் வீட்டில் ஓர் அறைதான். புதிதாக வந்தவருக்குக் கிரெடிட் ஸ்கோர் என்ற ஒன்றே இருக்காது என்பதால் டெபாசிட்டும் கூடுதலாகக் கேட்பார்கள்.

அடுத்தது கார். இந்தக் கடைகள் பெரும்பாலும் நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும். பேருந்தை நம்பி இரவு ஷிஃப்டுக்குப் போக முடியாது. கிரெடிட் இல்லாதவருக்குக் கடன் தரும் பழைய கார்க் கடைகளில் வட்டி கடுமை. இரண்டு தவணை தவறினால் வண்டியை இழுத்துப் போய்விடுவார்கள். வண்டி போனால் வேலை போகும், வேலை போனால் வாடகை நிற்கும். ஏழைத் தொழிலாளியின் வீழ்ச்சி பெரும்பாலும் இந்த வரிசையில்தான் நடக்கிறது. சோம்பேறித்தனத்துக்கு இதில் பங்கே இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது மணிக்கணக்கு. வாரம் 40 மணி நேரம் கிடைக்கும் என்று யார் சொன்னது? 50 அல்லது அதற்கு மேற்பட்ட முழுநேர ஊழியர்கள் உள்ள நிறுவனங்கள், வாரம் 30 மணி நேரம் வேலை செய்பவருக்கு மருத்துவக் காப்பீடு தர முன்வர வேண்டும், இல்லையென்றால் அபராதம் கட்ட நேரிடும். அதனால் பலரை 28 மணி நேரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். சிறு கடைகளிலோ வியாபாரம் மந்தமானால் அன்றைக்கே ஷிஃப்டைக் குறைப்பார்கள். 28 மணி நேரம் என்றால் மாதம் 1,213 டாலர்; பிடித்தம் போக 1,120. இரண்டாவது வேலை தேடலாம். ஆனால் முதல் கடை ஒவ்வொரு வாரமும் நேரத்தை மாற்றினால் இரண்டாவது கடைக்காரர் எத்தனை நாள் பொறுப்பார்? காய்ச்சலில் படுத்தாலும் அன்றைய கூலி இல்லை. சம்பளத்தோடு கூடிய விடுப்பு தரவேண்டும் என்று தனியார் முதலாளியைக் கட்டாயப்படுத்தும் மத்தியச் சட்டம் அமெரிக்காவில் கிடையாது.

இந்த இடத்தில்தான் பேடே லோன், அதாவது அடுத்த சம்பளம் வரும்வரைக்கான குறுகிய காலக் கடன், வந்து நிற்கும். 100 டாலருக்கு இரண்டு வாரத்துக்கு 15 டாலர் கட்டணம் என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். ஆண்டு வட்டியாக மாற்றினால் 391 சதவீதம். 400 டாலர் வாங்கி, அசலைக் கட்ட முடியாமல் ஆறு முறை நீட்டித்தால் பன்னிரண்டு வாரத்தில் 360 டாலர் கட்டியிருப்பார். அசல் 400 அப்படியே நிற்கும். அவர் அங்கே போனதும் செய்யவேண்டிய முதல் காரியம் ஒரு கிரெடிட் யூனியனில், அதாவது உறுப்பினர்களே நடத்தும் கூட்டுறவுக் கடன் சங்கத்தில், சேர்வது. மத்திய உரிமம் பெற்ற கிரெடிட் யூனியன்கள் பலவற்றில் பேடே லோனுக்கு மாற்றாகச் சிறு கடன் உண்டு: வட்டி 28 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, விண்ணப்பக் கட்டணம் 20 டாலரைத் தாண்டக் கூடாது.

பாதிச் சம்பளம் மிச்சம் என்பது நடக்காது. உறவினர் வீட்டில் தங்க இடம் இருந்து, முதல் ஆண்டைக் கடன் இல்லாமல் கடந்தால் அதுவே பெரிது. கிரீன் கார்டு கையில் இருப்பதால் அவருக்கு ஒரு வழி இருக்கிறது: எலக்ட்ரீஷியன், பிளம்பர் போன்ற தொழில்களில் பதிவுபெற்ற அப்ரென்டிஸ் பயிற்சி. முதல் நாளிலிருந்தே சம்பளம் உண்டு, கற்கக் கற்க அது கூடும், நான்கைந்து ஆண்டில் கைத்தொழிலாளி ஆகிவிடலாம். கல்லாவில் பத்து ஆண்டு நின்றாலும் கல்லாச் சம்பளம் பெரிதாக ஏறாது.

நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில் சமையல் மாஸ்டராக இருக்கிறேன். வாரம் ஆறு நாள், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம். மாதம் 2,500 டாலர், பெரும்பாலும் ரொக்கமாக. "மாதச் சம்பளக்காரருக்கு ஓவர்டைம் கிடையாது" என்கிறார் முதலாளி. பாஸ்போர்ட் அவரிடம் இருக்கிறது. ஏதாவது கேட்டால் விசாவை ரத்து செய்து அனுப்பிவிடுவேன் என்கிறார். என்ன செய்யலாம், அண்ணா?
பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

தம்பி, உங்கள் முதலாளி சொல்வது தவறு. அமெரிக்காவில் 1938-ஆம் ஆண்டின் நியாயமான உழைப்புத் தரச் சட்டப்படி, வாரத்தில் 40 மணி நேரத்துக்கு மேல் செய்யும் ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரை மடங்கு கூலி. இதில் விலக்குப் பெறுபவர்கள் மேலாளர்கள், நிர்வாகிகள், தொழில்முறைப் படிப்பு தேவைப்படும் பணிகளில் இருப்பவர்கள். அவர்களுக்கும் வாரம் குறைந்தது 684 டாலர் நிலையான சம்பளம் வேண்டும். அடுப்படியில் நின்று சமைப்பவருக்கு மாதச் சம்பளம் என்று பெயர் வைத்துவிட்டதால் ஓவர்டைம் மறைந்துவிடாது. உங்களுக்கு வாரத்துக்கு வருவதே 577 டாலர்தான்.

கணக்கைப் பாருங்கள். 577-ஐ 72 மணியால் வகுத்தால் மணிக்கு 8 டாலர் 1 சென்ட். ஆறு பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கடைகளுக்கு நியூ ஜெர்சியின் குறைந்தபட்சக் கூலி 2025-இல் 15.49 டாலர். அதன்படி முதல் 40 மணிக்கு 619.60, அடுத்த 32 மணிக்கு, ஒன்றரை மடங்கில், 743.52. வாரத்துக்கு வந்திருக்க வேண்டியது 1,363 டாலர். குறைவது வாரம் 786. ஓராண்டுக்கு 40,000 டாலருக்கும் மேல். சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் வேலையே இல்லாமல் உண்மையாக ஓய்வு கொடுத்திருந்தால் அதை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள். தட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஆர்டர் பார்த்திருந்தால் அது ஓய்வு நேரம் ஆகாது.

இதுதான் நம்மவர்கள் பலருக்கும் புரியாமல் போகும் இடம். மாதம் 2,500 டாலர் என்று ஒரே எண்ணாகச் சொல்லும்போது அது பெரிய சம்பளமாகத் தெரிகிறது. மணியால் வகுத்தால்தான், சட்டம் சொல்லும் அடிமட்டக் கூலியில் ஏறக்குறைய பாதிக்கு உழைக்கிறீர்கள் என்பது தெரியும். கனவு கைக்கு எட்டவில்லை என்று புழுங்குகிறவர்களில் பலருக்கு எட்டாமல் போனது அவர்களுக்குச் சேரவேண்டிய கூலிதான்.

இன்றே ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி, வேலை தொடங்கிய நேரம், ஓய்வு, முடிந்த நேரம், அன்று கையில் வாங்கிய பணம், கொடுத்தவர் யார் என்று ஒவ்வொரு நாளும் உங்கள் கையாலேயே எழுதுங்கள், தமிழிலேயே எழுதலாம். ஷிஃப்ட் அட்டவணையையும் முதலாளியின் குறுஞ்செய்திகளையும் படம் எடுத்து, கடைக்கு வெளியே நம்பகமான ஒருவருக்கு அனுப்பிவையுங்கள். முதலாளி கொடுத்த அறையில் தங்கியிருந்தால் நோட்டை அங்கே வைக்காதீர்கள்.

"கடந்த இரண்டு வருடத்துக்குக் கணக்கு இல்லையே" என்று கலங்கவேண்டாம். நேரக் கணக்கு வைத்திருக்கவேண்டியது முதலாளியின் கடமை. அவர் வைக்கவில்லை என்றால், தொழிலாளி நியாயமாகச் சொல்லும் உத்தேசக் கணக்கே போதும், அதைப் பொய் என்று காட்டும் பொறுப்பு முதலாளியுடையது என்று 1946-இலேயே மவுன்ட் கிளெமென்ஸ் மண்பாண்டத் தொழிற்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரொக்கமாகக் கொடுத்ததால் தடயம் இல்லை என்று முதலாளி நினைப்பார். அது அவருக்கே எதிராகத் திரும்பும்.

புகார் செய்ய இரண்டு வாசல் உண்டு. மத்தியத் தொழிலாளர் துறையின் கூலி மற்றும் நேரப் பிரிவு, எண் 1-866-487-9243. மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், குடியேற்ற நிலையை அவர்கள் கேட்பதில்லை. ஆனால் மத்தியச் சட்டத்தில் இரண்டு ஆண்டு பின்னோக்கித்தான் கேட்க முடியும். வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று காட்டினால் மூன்று. நியூ ஜெர்சி மாநிலச் சட்டத்திலோ 2019-இலிருந்து ஆறு ஆண்டு. பாக்கிக் கூலிக்கு மேல் 200 சதவீதம் வரை இழப்பீடும் கிடைக்க வழி உண்டு. எனவே உங்களுக்கு மாநில வழியே மேல். இந்தக் கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதை மற்ற வாசகர்களும் கவனியுங்கள்: நியூயார்க்கிலும் ஆறு ஆண்டு, டெக்சாஸில் மாநிலத் துறையிடம் புகார் செய்ய வெறும் 180 நாள்.

மிரட்டலுக்கு வருவோம். செய்த வேலைக்குக் கூலி என்பது விசாவைப் பொறுத்ததல்ல. காகிதமே இல்லாதவருக்கும் அது உண்டு. புகார் செய்த 90 நாளுக்குள் உங்கள் மீது நடவடிக்கை எடுத்தால், அது பழிவாங்கல் என்றே நியூ ஜெர்சி சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். கட்டாயப்படுத்தி வேலை வாங்குவதற்காகப் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது ஐந்து ஆண்டு வரை சிறைக்குரிய மத்தியக் குற்றம். ஆட்கடத்தலுக்கு ஆளானவர்கள் உதவி கேட்கும் தேசிய எண் 1-888-373-7888.

ஆனாலும் அவசரப்படாதீர்கள். சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும் விசா உண்மையில் அந்தக் கடையோடு கட்டப்பட்டிருக்கிறது. கடையை விட்டால் ஸ்டேட்டஸ், அதாவது சட்டப்படி அங்கே தங்கும் நிலை, போகலாம். புகாருக்கு முன்பே ஒரு குடியேற்ற வழக்கறிஞரையும் ஒரு தொழிலாளர் வழக்கறிஞரையும் பாருங்கள். கூலி வழக்குகளில் தோற்ற முதலாளிதான் வக்கீல் கட்டணத்தைக் கட்டவேண்டும் என்பதால், முன்பணம் வாங்காமல் எடுத்து நடத்துபவர்கள் பலர் உண்டு. வக்கீல் அல்லாத கன்சல்டன்ட்களிடம் போகவேண்டாம். பார் கவுன்சில் பதிவையோ நீதித் துறையின் அங்கீகாரத்தையோ காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஜார்ஜியாவில் ஓட்டலில் பரிமாறுகிறேன். மணிக்கு 2.13 டாலர்தான் தருகிறார்கள். இது சட்டப்படி சரியா?
வாசகர், அட்லாண்டா

சரிதான், ஒரு நிபந்தனையோடு. டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு 2.13 என்பது 1991-இலிருந்து மாறாத தொகை. ஆனால் டிப்ஸையும் சேர்த்து மத்தியக் குறைந்தபட்சக் கூலியான மணிக்கு 7.25 டாலர் வராவிட்டால் மீதியை முதலாளி போடவேண்டும். 35 மணி நேரத்துக்கு 253.75 வரவேண்டும். உங்களுக்குக் கூலி 74.55, டிப்ஸ் 150 என்றால் அந்த வாரம் 29.20 பாக்கி. இதை வாராவாரம் நீங்களே போட்டுப் பாருங்கள், யாரும் வந்து சொல்லமாட்டார்கள். டிப்ஸில் முதலாளியோ மேலாளரோ பங்கு எடுக்கக் கூடாது. உடைந்த தட்டுக்கும் கணக்கில் குறைந்த பணத்துக்கும் உங்களிடம் பிடிக்கவும் கூடாது. கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஒரிகன், நெவாடா, மின்னசோட்டா, மொன்டானா, அலாஸ்கா ஆகிய ஏழு மாநிலங்களில் இந்தக் குறைந்த கூலி முறையே இல்லை. முழுக் கூலி, அதற்கு மேல் டிப்ஸ்.

என் கணவர் வெல்டர். அமெரிக்காவில் பத்து மாத வேலை, பிறகு கிரீன் கார்டு என்று சொல்லி ஓர் ஏஜென்ட் பன்னிரண்டு லட்சம் கேட்கிறார். நகையை விற்றுக் கொடுக்கலாமா?
வாசகி, நாகர்கோவில்

கொடுக்காதீர்கள். நகை கையில் இருக்கட்டும்.

இதே வார்த்தைகளைக் கேட்டு ஏமாந்தவர்களின் வழக்கு அமெரிக்க நீதிமன்றப் பதிவில் இருக்கிறது. 2005-இல் கத்ரீனா புயல் வளைகுடாக் கரையை அழித்த பிறகு, சிக்னல் இன்டர்நேஷனல் என்ற கப்பல் பணி நிறுவனத்துக்காக இந்தியாவிலிருந்து சுமார் 500 வெல்டர்களையும் பைப் ஃபிட்டர்களையும் மிசிசிபியின் பாஸ்ககூலாவுக்கும் டெக்சாஸின் ஆரஞ்ச் நகருக்கும் அழைத்துப் போனார்கள். ஒவ்வொருவரும் 10,000 முதல் 20,000 டாலர் வரை கட்டியிருந்தார்கள். கிரீன் கார்டு என்று சொல்லப்பட்டது. கொடுக்கப்பட்டதோ எச்-2பி என்ற தற்காலிக விசா. ஓர் அறைக்கு 24 பேர் வரை அடைக்கப்பட்ட முகாமில் தங்கவைத்து, அதற்கு மாதம் 1,050 டாலரைச் சம்பளத்தில் பிடித்தார்கள். ஊரில் வீட்டை அடகு வைத்து வந்தவர்கள் வேலையை விட்டுத் திரும்பவும் முடியாது. அந்தக் கடன்தான் அவர்களைக் கட்டிய கயிறு. 2008 மார்ச்சில் பலர் வெளியேறிப் போராடினார்கள். 2015 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸ் ஜூரி ஐந்து பேருக்கு 14 மில்லியன் டாலர் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நிறுவனம் திவால் மனு போட்டது, மற்ற வழக்குகள் 20 மில்லியன் டாலருக்குச் சமரசம் ஆயின. நியாயம் கிடைக்க ஏழு ஆண்டு.

நீங்கள் பார்க்கவேண்டியவை இவை. எச்-2பி விசா தற்காலிக வேலைக்கானது. அதிகபட்சம் மூன்று ஆண்டு, அதிலிருந்து தானாகக் கிரீன் கார்டு வராது. இந்த விசாவுக்குத் தொழிலாளியிடம் ஆள்சேர்ப்புக் கட்டணம் வாங்குவதையே அமெரிக்க விதி தடை செய்கிறது. முதலாளியோ ஏஜென்ட்டோ வாங்கியது தெரிந்தால் விசா மனுவே ரத்தாகலாம். விசாக் கட்டணத்தை முதல் வேலை வாரத்திலேயே முதலாளி திருப்பித் தரவேண்டும். வேலைக் காலத்தில் பாதி முடிந்ததும் பயணச் செலவையும் தரவேண்டும். இந்தியாவில் ஏஜென்ட்டுக்குக் குடிபெயர்வுச் சட்டப்படி உரிமம் வேண்டும். வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் தளத்தில் உரிம எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். உரிமம் பெற்றவரே வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்ச வரம்பு 30,000 ரூபாயும் வரியும்தான். பன்னிரண்டு லட்சம் எங்கே, முப்பதாயிரம் எங்கே?

வேலை ஆணையின் நகலைக் கேளுங்கள். நிறுவனத்தின் பெயர், ஊர், மணிக்கூலி, வாரத்துக்கு எத்தனை மணி, தங்குமிடத்துக்கு எவ்வளவு பிடித்தம் என்பதெல்லாம் அதில் இருக்கவேண்டும். தூதரக நேர்காணலில் பணம் கட்டவில்லை என்று பொய் சொல்லச் சொன்னால் அந்த இடத்திலேயே விலகிவிடுங்கள்.

மகன் அங்கே எம்.எஸ். படிக்கிறான். கல்விக் கடன் வட்டி கட்டுவதற்காக வெளியே ஒரு கடையில் ரொக்கத்துக்கு வேலை செய்கிறான். எல்லா மாணவர்களும் செய்கிறார்கள் என்கிறான்.
வாசகர், சேலம்

பலர் செய்கிறார்கள் என்பது உண்மை. மாட்டியவனுக்கு அது உதவாது.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் வகுப்பு நடக்கும் காலத்தில் கல்லூரி வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். வெளியே, அனுமதி இல்லாமல், ஒரு மணி நேரம்கூட முடியாது. மற்ற பல தவறுகளுக்கு மாணவர் ஸ்டேட்டஸை மீட்க மனுப் போட வழி உண்டு. அனுமதியில்லா வேலை செய்தவருக்கு அந்த வழியும் அடைபடும். பிற்பாடு எச்-1பி, கிரீன் கார்டு என்று ஒவ்வொரு படிவத்திலும் இந்தக் கேள்வி திரும்ப வரும். கடைக்காரருக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் மாணவனுக்குக் கூலியைக் குறைத்தும் தாமதித்தும் தருகிறார். எங்கே போய்ச் சொல்வான் என்ற தைரியம்.

உடனே நிறுத்தச் சொல்லுங்கள். ஓர் கல்வியாண்டு முடித்திருந்து, எதிர்பாராத பணக் கஷ்டம் வந்திருந்தால், கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலர் மூலமாக வெளியே 20 மணி நேரம் வேலை செய்ய முறைப்படி அனுமதி கேட்கலாம். ரூபாயின் மதிப்பு வீழ்ந்ததும் கடனுக்குப் பொறுப்பேற்றவர் நோயில் விழுந்ததும் ஆதாரத்தோடு காட்டக்கூடிய காரணங்கள். வளாக வேலையில் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தம் முதல் ஐந்து ஆண்டுக்கு அவனுக்குக் கிடையாது. சம்பளச் சீட்டில் (பே ஸ்டப்) பிடித்திருந்தால் முதலில் சம்பளப் பிரிவில் கேட்கட்டும், அவர்கள் தராவிட்டால் 843-ஆம் படிவத்தில் வரித் துறையிடம் கேட்கலாம்.

என் மாமா 1979-இல் வெறுங்கையோடு போய், கூலி வேலை செய்து, மோட்டல் வாங்கினார். இன்று போகிறவர்களால் ஏன் முடியவில்லை? உழைப்பு குறைந்துவிட்டதா?
வாசகர், கோயம்புத்தூர்

1979-இல் அமெரிக்காவின் குறைந்தபட்சக் கூலி 2.90 டாலர். இன்றைய விலைவாசியில் அது 12 டாலருக்கும் மேல். 1968-இன் 1.60 டாலர் இன்று 14-ஐத் தாண்டும். இப்போதைய மத்தியக் கூலியோ 7.25, 2009 ஜூலை 24-க்குப் பிறகு ஒரு சென்ட்கூட ஏறவில்லை. பல மாநிலங்கள் தாமாக உயர்த்திக்கொண்டன என்பது உண்மை. டெக்சாஸ், ஜார்ஜியா, டென்னசி போன்றவை உயர்த்தவில்லை.

மாமா போன காலத்தில் வேறொன்றும் நடந்தது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு நெடுஞ்சாலை மோட்டல்கள் பல மலிவாக விற்பனைக்கு வந்தன. குடும்பமே அங்கே தங்கி, அறை துடைப்பது முதல் கல்லா வரை பார்த்தது. வீட்டு வாடகையும் மிச்சம், கூலியும் மிச்சம். உறவுக்காரர்கள் கைமாற்று கொடுத்தார்கள். அவர் உழைத்தார், மறுக்கவில்லை. அந்த உழைப்பு பிடித்துக்கொள்ள அன்று ஒரு படி இருந்தது.

டெல்லியில் பிறந்த பொருளியலாளர் ராஜ் செட்டியும் அவருடைய குழுவினரும் வரிப் பதிவுகளைக் கொண்டு இதை அளந்திருக்கிறார்கள். 1940-இல் பிறந்த அமெரிக்கர்களில் சுமார் 90 சதவீதம் பேர் முப்பது வயதில் தம் பெற்றோரைவிட அதிகம் சம்பாதித்தார்கள். 1980-இல் பிறந்தவர்களில் பாதிப் பேர்தான். ஊரும் தலைவிதியைத் தீர்மானிக்கிறது: வருமானத்தில் கடைசி ஐந்தில் ஒரு பங்கில் பிறந்த குழந்தை முதல் ஐந்தில் ஒரு பங்குக்கு ஏறும் வாய்ப்பு சான் ஹோசேயில் 12.9 சதவீதம், சார்லட்டில் 4.4 சதவீதம். தொழிற்சங்கங்களும் தேய்ந்துவிட்டன. 1950-களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு தொழிலாளி சங்கத்தில் இருந்தார். இன்று தனியார் துறையில் 6 சதவீதம்கூட இல்லை. தனியாக நின்று கூலி உயர்த்திக் கேட்கும் கல்லாப் பையனுக்குக் கதவைக் காட்டுவது எளிது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், இல்லையென்றால் பதில் நேர்மையாக இராது. ரான் அப்ரமிட்ஸ்கி, லியா பூஸ்தான் என்ற ஆய்வாளர்கள் நூறாண்டுப் பதிவுகளைப் பார்த்ததில், ஏழையாக வந்த குடியேறிகளின் பிள்ளைகள் அதே வருமானமுள்ள அமெரிக்கர்களின் பிள்ளைகளைவிட மேலே போகிறார்கள். ஆக, போகிறவருக்கே எட்டுவது அரிதாகவும் அவர் பிள்ளைக்கு எட்டுவது கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கிறது. ஆனால் காகிதம் இல்லாமல், பிள்ளைகளையும் ஊரில் விட்டுவிட்டு உழைப்பவருக்கு அந்த இரண்டாம் தலைமுறைப் பலனும் இல்லை.

உணவு டெலிவரி ஓட்டுகிறேன். 1099 படிவம் தந்தார்கள். வரி ஏன் இவ்வளவு வருகிறது?
வாசகர், சிகாகோ

1099 என்றால் நீங்கள் ஊழியர் அல்ல, சுயதொழில் செய்பவர் என்று பொருள். சோஷியல் செக்யூரிட்டிக்கும் மெடிகேருக்கும் முதலாளி கட்டவேண்டிய பாதியையும் நீங்களே கட்டுகிறீர்கள், மொத்தம் 15.3 சதவீதம். செலவு போக 30,000 டாலர் நின்றால், அதில் 92.35 சதவீதத்துக்குக் கணக்கிட்டு 4,239 டாலர். வருமான வரி தனி. ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி என நான்கு முறை, 15-ஆம் தேதிக்குள் முன்கூட்டிக் கட்டாவிட்டால் அபராதமும் சேரும். வேலைக்கு ஓட்டிய ஒவ்வொரு மைலையும் அன்றன்றே எழுதுங்கள்: 2025-க்கு மைலுக்கு 70 சென்ட் செலவாகக் கழிக்கலாம். பெரும்பாலான ஓட்டுநர்கள் பணத்தை விடுவது இங்கேதான். விபத்து நடந்தால் தொழிலாளர் இழப்பீடு இல்லை, வேலை போனால் வேலையின்மை உதவியும் பொதுவாக இல்லை.

அவசர சிகிச்சைக்குப் போன தம்பிக்கு 11,000 டாலர் பில் வந்திருக்கிறது. காப்பீடு இல்லை. கிரெடிட் கார்டில் போட்டுக் கட்டச் சொல்கிறார்கள்.
வாசகி, டாலஸ்

கார்டில் போடவே வேண்டாம். போட்ட நிமிடம் அது மருத்துவமனைக் கடன் என்ற தன்மையை இழந்து, வட்டி ஏறும் வங்கிக் கடன் ஆகிவிடும். சலுகை கேட்கும் வாய்ப்பும் போய்விடும்.

முதலில் ஒவ்வொரு செலவையும் தனித்தனியே காட்டும் பில் கேளுங்கள். செய்யாத பரிசோதனையும் இரண்டு முறை போட்ட மருந்தும் அதில் அகப்படும். அடுத்து, அது லாபநோக்கற்ற மருத்துவமனையா என்று பாருங்கள். ஆம் என்றால், எழுதிவைத்த நிதியுதவிக் கொள்கை ஒன்று இருந்தே ஆகவேண்டும் என்பது மத்தியச் சட்டம். முதல் பில் வந்த நாளிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம். சம்பளச் சீட்டு, வரித் தாக்கல் நகல், வாடகை ரசீது கேட்பார்கள். ரொக்கக் கூலிக்காரர் என்றால் வருமானத்தைச் சொல்லும் கடிதம் ஏற்பார்களா என்று கேளுங்கள். விண்ணப்பத்தின் நகலும் கொடுத்த தேதியும் உங்களிடம் இருக்கட்டும்.

இனி காய்ச்சல், சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கெல்லாம் அவசரப் பிரிவுக்குப் போகவேண்டாம். மத்திய உதவி பெறும் சமூகச் சுகாதார மையங்களில் வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம்; வறுமைக் கோட்டின் இரண்டு மடங்கு வருமானம் வரை சலுகை உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் தயங்கவே கூடாது. மெடிகேர் பணம் பெறும் எந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவும், பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் பரிசோதித்து, நிலையைச் சீராக்கியே அனுப்பவேண்டும் என்பது 1986-இலிருந்து சட்டம்.

எட்டு ஆண்டு உழைத்துவிட்டு ஊருக்கே திரும்பலாம் என்றிருக்கிறேன். பிடித்த சோஷியல் செக்யூரிட்டிப் பணம் திரும்பக் கிடைக்குமா?
வாசகர், சியாட்டில்

கிடைக்காது. ஓய்வூதியத்துக்கு 40 கிரெடிட், அதாவது சம்பாதித்த அளவுக்கு ஏற்ப உங்கள் கணக்கில் பதியும் புள்ளிகள், வேண்டும். ஆண்டுக்கு அதிகபட்சம் நான்கு, ஆக பத்து ஆண்டு. எட்டு ஆண்டில் 32. ஜெர்மனி, ஜப்பான், தென் கொரியா போன்ற நாடுகளோடு, இரு நாட்டுப் பணிக்காலத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ஒப்பந்தம் அமெரிக்காவுக்கு உண்டு. இந்தியாவோடு இல்லை. இந்தியத் தொழிலாளிகளின் பணம் இப்படி அங்கேயே தங்கிப்போவது பெரிய அநீதி. இந்திய அரசு பல ஆண்டுகளாகக் கேட்டும் நடக்கவில்லை.

பதிந்த கிரெடிட் அழியாது. பின்னாளில் திரும்பப் போய் எட்டு கிரெடிட் சேர்த்தாலும் கணக்கு நிறையும். 2025-இல் 7,240 டாலர் சம்பாதித்தால் அந்த ஆண்டின் நான்கும் கிடைத்துவிடும், பகுதிநேர வேலையே போதும். கிளம்புவதற்கு முன் சோஷியல் செக்யூரிட்டி தளத்தில் உங்கள் கணக்கைத் திறந்து ஒவ்வோர் ஆண்டின் வருமானமும் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பிடித்தம் செய்துவிட்டு உங்கள் வருமானத்தை முதலாளி தெரிவிக்காமல் விட்டிருந்தால் அந்த ஆண்டு பூஜ்யமாக நிற்கும். திருத்தக் கேட்பதற்குப் பொதுவான கெடு, அந்த ஆண்டு முடிந்து மூன்று ஆண்டு, மூன்று மாதம், பதினைந்து நாள். ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்தத்தையும் காட்டி முதலாளி தரும் டபிள்யூ-2 படிவங்களையும் பே ஸ்டப்களையும் ஊருக்கு வரும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு வாருங்கள்.